ஐநா சிறுபான்மை உரிமை எல்லாம் நம்ம மதுரை சௌராஷ்டிரா மொழிக்கு எதுக்காவது உதவுமா?

மஹால்பக்கத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சௌராஷ்டிரா, மஹால் பக்கத்துல மூணு தலைமுறையா இருக்கோம். எங்க அம்மா சௌராஷ்டிரால பேசுனா என் பொண்ணு (அஞ்சு வயசு) தமிழ்ல பதில் சொல்லுது, இப்ப ஒரு மாசமா அம்மாவே தமிழுக்கு மாறிட்டாங்க, அதப் பாத்ததுல இருந்து மனசு சரியில்ல. டிசம்பர் 18 சிறுபான்மையினர் உரிமை நாள்னு ஒரு போஸ்டர் பாத்தேன், ஐநா சொன்னதுன்னு போட்டிருந்துச்சு. சிறுபான்மைன்னா மதம் மட்டுந்தானா, மொழியும் சேருமா? சேரும்னா நாம ஐநாவுக்கு மனு போட முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழவாசல்வக்கீல்:
தம்பி, மொழியும் சேரும். 1992 டிசம்பர் 18 அன்னைக்கு ஐநா பொதுச்சபை நிறைவேத்துன பிரகடனத்தோட பேருலயே இனம், மதம், மொழின்னு எல்லாம் இருக்கு, அதனாலதான் அந்தத் தேதி. முடிஞ்ச இடத்துல எல்லாம் தாய்மொழி படிக்க வாய்ப்பு குடுக்கணும்னு அதுல அரசாங்கத்தக் கேட்டிருக்காங்க, ஆனா அது பிரகடனம், சட்டம் மாதிரி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துறது 1966ல வந்த சிவில் அரசியல் உரிமை உடன்படிக்கை, அதுல 27வது பிரிவு, இந்தியா 1979ல சேந்துருச்சு. தனி ஆள் புகார் குடுக்கணும்னா அதுக்குன்னு தனியா ஒரு நெறிமுறை, அதாவது கூடுதல் ஒப்பந்தம் இருக்கு, அதுல இந்தியா சேரல, அதனால உங்க மனு ஜெனிவால கூடுற ஐநா குழுகிட்ட நிக்காது.

அது ஏன் முக்கியம்னு ஒரு கேஸ் சொல்றேன். கனடால சாண்ட்ரா லவ்லேஸ்னு ஒரு பழங்குடிப் பொண்ணு, வெளி ஆளக் கட்டுனதால பழங்குடி அந்தஸ்தே போச்சு, கல்யாணம் முறிஞ்சு ஊர் திரும்புனா அங்க குடியிருக்கவும் உரிமை இல்லன்னுட்டாங்க. ஆம்பள வெளிய பொண்ணு எடுத்தா ஒண்ணும் போகாது, அதத்தான் என்னால பொறுக்க முடியல. 1977ல ஐநா மனித உரிமைக் குழுவுக்குப் போனாங்க, தன் மக்களோட சேந்து தன் பண்பாட்டோட மொழியோட வாழுற உரிமைய மறுத்தது 27வது பிரிவுக்கு விரோதம்னு 1981ல குழு சொல்லுச்சு, 1985ல கனடா சட்டத்த மாத்துச்சு. ஒரே ஒரு பொம்பள போட்ட மனு! அந்தக் கதவு நமக்கு இல்ல. குழு ஒவ்வொரு நாட்டு அறிக்கையையும் விசாரிக்கும், அங்க அமைப்புகள் தங்க தரப்ப எழுதிக் குடுக்கலாம், ஆனா இந்தியாவுக்கு 1997க்கு அப்பறம் 2024லதான் அந்த விசாரணையே நடந்துச்சு.

நீங்க பிடிக்க வேண்டியது நம்ம அரசியல் சட்டம் 350ஏ. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வில தாய்மொழிக்கு வசதி செய்ய அரசு முயலணும்னு 1956லயே சேத்தாங்க. 350பி படி மொழிச் சிறுபான்மையினருக்கு ஒரு ஆணையர் இருக்கார், மனு அவருக்குப் போடுங்க, பத்துப் பேரு கையெழுத்தோட.

கைத்தறிநகர்டீச்சர்:
வக்கீல் அண்ணே சொன்னது சரி, ஆனா மனு போட்டா உடனே கேப்பாங்க, எந்த எழுத்துல சொல்லித் தருவீங்கன்னு. நமக்குன்னு எழுத்து இருக்கு, 2008லயே யூனிகோடுல, அதான் கம்ப்யூட்டர் எழுத்துப் பட்டியல்ல ஏறிருச்சு, இருந்தும் ஒருத்தர் தேவநாகரிங்கறார், ஒருத்தர் தமிழ் எழுத்தே போதும்ங்கறார், இந்தச் சண்டையிலயே பெரியவங்க காலம் போச்சு. நான் ஞாயித்துக்கிழமை மொட்டமாடில பிள்ளைகளுக்குச் சொல்லித் தாரேன். மொத வாரம் பதினஞ்சு பேரு, இப்ப ஆறு பேரு. இதுக்கு மார்க் உண்டான்னு கேட்டாங்க, இல்லன்னதும் நின்னுட்டாங்க. எழுத்து அப்பறம் பாத்துக்கலாம், பேச்சு வாயில நிக்கட்டும்னுதான் நடத்துறேன்.

மேலூர்த்தமிழன்:
நான் தமிழ்க்காரன், குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். மலேசியால 500க்கும் மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அதுல ஒண்ண மூடப்போறாங்கன்னு சேதி வந்தா இங்க நமக்குக் கொதிக்குது. அதே நியாயம் நம்ம தெருவுல இருக்குற மொழிக்கும் உண்டுல்ல? அரசியல் சட்டத்துல மொழிகளப் பட்டியல் போட்ட எட்டாவது அட்டவணைல 22 மொழி இருக்கு, சௌராஷ்டிரா அதுல இல்ல. நீங்க மனு போடுறதால தமிழுக்கு ஒரு குறையும் வராது. மனுல தமிழ்க்காரன் கையெழுத்தும் ஆகும்னா நான் போடுறேன்.

மஹால்பக்கத்துக்காரன்:
வக்கீல் அண்ணே, மேலூர் அண்ணே, ரொம்ப நன்றி. மனு நான் எழுத ஆரம்பிக்கிறேன், எழுத்துப் பிரச்சன அதுல வேணாம், 350ஏ மட்டும் வச்சுக் கேப்போம். டீச்சரக்கா, ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு? அஞ்சு வயசுப் பிள்ளயச் சேப்பீங்களா? எங்க அம்மாவையும் கூட்டிட்டு வாரேன், அவங்களுக்குக் கத நெறையத் தெரியும்.