கையேற்புத் தொடர்: மரத்தின் வழியைச் சொல்ல ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெட்டிய மரம் கடைப் பலகையாகும்வரை யார் யாரிடமிருந்து யார் யாரிடம் போனது என்பதை ஆவணங்களால் நிரூபிக்கும் ஏற்பாட்டுக்கு, ஆங்கிலத்தில் ‘செயின் ஒஃப் கஸ்டடி’ என்று வழங்குவதற்கு, தமிழ் கேட்டிருந்தேன். வந்த சொற்களை எழுதி எடுத்துக்கொண்டு, பண்டாரவளைப் பக்கம் ஒரு மரக்காலைக்குப் போய்வந்தேன். அங்கே வேலை செய்பவர்களுக்கான கையேட்டைத்தான் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வாயில் நிற்காத சொல்லை அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து ஐயா தந்த ‘காவல் சங்கிலி’யைச் சொன்னதும், பலகை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் கையை நிறுத்திவிட்டு, “ஏன், பொலிஸ் வந்ததா?” என்று கேட்டார். நீதிமன்றத்தில் சான்றுப்பொருளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் பொருந்தலாம். மரத்துக்குப் பொருந்தாததற்கு ஓசை மட்டும் காரணமல்ல, பொருளும் பிழைக்கிறது. காடுகள் பொறுப்போடு பேணப்படுவதற்கான எஃப்.எஸ்.சி. என்ற சர்வதேசச் சான்றிதழ் முறையில் பார்க்கப்படுவது மரத்தை யார் காவல் காத்தார் என்பதல்ல, அது யாருக்குச் சொந்தமாயிற்று என்பது. சான்றிதழ் பெற்ற தோட்டத்தில் வெட்டிய மரத்தை ஓர் ஆலை வாங்கினால், அந்த ஆலைக்கும் சான்றிதழ் வேண்டும். அதனிடம் பலகை வாங்கித் தளபாடம் செய்து, முத்திரையோடு விற்பவருக்கும் வேண்டும். மரத்தை ஏற்றிச் செல்லும் லொறிக்காரருக்கு வேண்டியதில்லை. இரவு முழுவதும் மரம் அவருடைய காவலில்தான் இருக்கிறது, ஆனாலும் அவர் இந்தத் தொடரில் ஒரு கண்ணி அல்லர். இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல் படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

‘கைமாற்றுத் தொடர்’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கைமாற்று என்றால் சம்பளத்துக்கு முன் பக்கத்து வீட்டில் வாங்கும் வட்டியில்லாக் கடன். அந்தப் பொருள் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை மறக்கச் சொல்ல முடியாது. ‘பொறுப்புத் தொடர்’ பொது. எதற்கும் ஒட்டும்.

மரக்காலையில் வரவு எழுதும் கிளாக்கர் ஐயாவிடம் சொல்லைக் கேட்காமல் வேலையைக் கேட்டேன். மரம் வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள்? அவர் என்னை முற்றத்துக்கு அழைத்துப்போனார். அப்போதுதான் இறக்கிய டர்பன்டைன் மரங்கள், அதாவது யூக்கலிப்டஸ், வெட்டுமுகத்தில் ஈரம் காயாமல் கிடந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் நீலச் சாயத்தில் ஓர் இலக்கம். அதைச் சிட்டையோடு ஒப்பிட்டு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். விற்பனைச் சிட்டையில் விற்றவரின் சான்றிதழ் இலக்கம் இருக்கிறதா, அந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறதா, அதில் இந்த வகை மரம் அடங்குகிறதா என்று பார்த்தார். பிறகுதான் கையெழுத்து. “இப்போது நான் கையேற்றுவிட்டேன். இனி யார் கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டும்” என்றார்.

நாம் தேடிய சொல் அவர் வாயில் இருந்தது. கையளித்தல், கையேற்றல் இரண்டும் நம் நாட்டுத் தமிழில் நாள்தோறும் புழங்குபவை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்களை அரசு கையேற்றது என்றும், 1992இல் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது என்றும் மலையகத்தில் பேசுகிறோம். வெறுமனே கையில் வாங்குவதல்ல கையேற்பு. உரிமையோடும் பதில் சொல்லும் கடமையோடும் வாங்குவது. லொறிச் சாரதி மரத்தை ஏற்றுகிறார், கையேற்பதில்லை. கொடுப்பவர் பக்கத்திலிருந்து ‘கையளிப்புத் தொடர்’ என்றும் சொல்லலாமே என்று யாரேனும் கேட்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் விற்றவரின் சான்றிதழைச் சோதிக்கும் கடமை வாங்குபவருடையது. ஆகவே சொல்லும் வாங்குபவர் பக்கம் நிற்கட்டும். ‘கையேற்புத் தொடர்’ என்பது என் முன்மொழிவு.

மரத்தோடு வரும் சிட்டைக்குத் ‘துண்டு’ என்று பெயர் வைக்கலாம், தோட்டத்தில் வழங்கிய சொல்தானே என்று வவுனியாவிலிருந்து தங்கை எழுதியிருந்தார். அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் எங்கள் மூத்தோரின் துண்டு வேறு. ஒரு தொழிலாளி தோட்டத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று எழுதிய தாள் அது. வேறொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவருக்கு விடுதலை. ஆளோடு கடனும் கைமாறியது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலாளர் உரிமையைத் தன் பத்துக் கோட்பாடுகளில் இரண்டாவதாக வைத்திருக்கும் ஒரு சான்றிதழின் தாளுக்கு அந்தப் பெயரைச் சூட்ட என் கை எழாது. ‘சிட்டை’ போதும்.

மரப் பெயர்களிலும் கவனம் வேண்டும். தோட்டத்தில் சவுக்கு என்றால் தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியா. யாழ்ப்பாணத்தில் சவுக்கு என்றால் கடற்கரையில் நிற்கும் கசூரினா. சிட்டையில் வெறும் ‘சவுக்கு’ என்று எழுதினால் எந்த மரம் என்றே தெரியாமல் போகும். 1990இலிருந்து இயற்கைக் காட்டில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டிருக்கும் நாட்டில், சிட்டையில் இருப்பது நட்டு வளர்த்த மரம்தானா என்பதை மரத்தின் பெயரே காட்டிக்கொடுக்க வேண்டும். ஆகவே கையேட்டில் தோட்டப் பெயரோடு தாவரவியல் பெயரும் வரும்.

கையேற்பாளர், கையேற்புப் பதிவேடு, தொடர் அறுந்த மரம் என்று கிளைச்சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். தடங்கவில்லை. கிளாக்கர் ஐயா கடைசிச் சொல்லை உடனே பிடித்துக்கொண்டு, சிட்டையில்லாமல் ஒதுக்கி வைத்த ஒரு குவியலைக் காட்டினார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. எஃப்.எஸ்.சி. முத்திரை மூன்று வகை: முழுவதும் சான்றிதழ் பெற்ற காட்டு மரம், மீள்சுழற்சி, ‘மிக்ஸ்’. மூன்றாவதைக் ‘கலப்பு’ என்று எழுதினால், கடையில் வாங்குபவர் கலப்படம் என்று நினைத்துவிடுவார். அதில் சேரும் மற்ற மரமும் சோதிக்கப்பட்டதுதான், கள்ள மரமல்ல. ‘கூட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், சமையலறைக்குப் போய்விட்டது. இதற்கு ஒரு சொல் தாருங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.