இரட்டைச் சுமையில் மட்டும் ரீஸ்டார்ட்: பவர் சப்ளையா, மதர்போர்டா?

புளூ ஸ்கிரீன் இல்லாமல் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சிபியூவை மட்டும் பிரைம்95-இல் (சிபியூவுக்கு முழுச் சுமை தரும் சோதனை மென்பொருள்) ஓட்டினால் மணிக்கணக்கில் நிற்கிறது. கிராபிக்ஸ் கார்டைத் தனியாகச் சோதித்தாலும் சிக்கலில்லை. இரண்டையும் சேர்த்தால் சில நிமிடங்களில் விழுகிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 (முறையாக ஷட் டவுன் ஆகாமல் ரீஸ்டார்ட் ஆனது என்ற பதிவு) மட்டுமே, பக்செக் கோட் 0, அதாவது புளூ ஸ்கிரீன் பிழை எதுவும் பதிவாகவில்லை. வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் வீயா-லாகர் (WHEA-Logger) பதிவு ஏதும் இல்லை.

சூடு காரணமாகத் தெரியவில்லை: சிபியூ 78, ஜிபியூ ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) 86 டிகிரி. ரேம் சோதனையான மெம்டெஸ்ட்86 நான்கு பாஸும் சுத்தம். எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்தாலும் அதே நிலைதான்.

குழப்புவது 12 வோல்ட் அளவு. கண்காணிப்பு மென்பொருள் அவ்வப்போது 10.8 காட்டியது; ஏடிஎக்ஸ் (கணினி பவர் சப்ளைக்கான தரநிலை) வரம்பு 11.4 முதல் 12.6. ஆனால் சப்ளையின் மோலெக்ஸ் இணைப்பான் பின்னில் (மஞ்சள் 12 வோல்ட், கருப்பு கிரவுண்ட்) மல்டிமீட்டர் வைத்தால் சுமையிலும் 12.05. விளக்கு நிறம் மாற்றும் மென்பொருளும் அதே சென்சார் சிப்பைப் படித்துக்கொண்டிருந்தது; அதை நிறுத்தியதும் 10.8 மறைந்தது, ரீஸ்டார்ட் மறையவில்லை. மல்டிமீட்டரையும் முழுதாக நம்ப முடியாது, மில்லிசெகண்ட் சரிவு அதில் தெரியாது.

சப்ளை 650 வாட். கார்டின் இரண்டு 8 பின்னுக்கும் தனித்தனி கேபிள்தான். கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் மின்சக்தியின் உச்சவரம்பு) 70 சதவீதமாக்கினால் விழுவதே இல்லை. சப்ளையின் ஓவர் கரண்ட் பாதுகாப்பு (மின்னோட்டம் மிஞ்சினால் அணைக்கும் ஏற்பாடு) என்றால் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். இங்கே உடனே எழுந்துவிடுகிறது. மின்சாரம் சரியாக இருக்கிறது என்று சப்ளை மதர்போர்டுக்குச் சொல்லும் பவர் குட் சிக்னல் கணநேரம் விழுகிறதோ என்று சந்தேகம்.

ஆசிலோஸ்கோப் (நொடிக்குள் மாறும் வோல்டேஜையும் காட்டும் கருவி) இல்லாமல், வேறு சப்ளை வாங்கும் முன் இதை உறுதிசெய்ய வழி உண்டா? மதர்போர்டு விஆர்எம் (சிபியூவுக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் பகுதி) இப்படி நடந்துகொண்டதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?