தோல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எங்கட ஆக்களை வரச் செய்யிறது: ஜேர்மனி அனுபவங்கள்

பனங்கூடல்:
பரிசோதனைக்கு வாங்கோ எண்டு கேட்டா, "அதெல்லாம் வெள்ளைத் தோலுக்கு வாற வருத்தம்" எண்டதுதான் முதல் பதில். பாதி உண்மை. எங்கட தோலில மெலனோமா (தோலுக்கு நிறம் குடுக்கிற கலங்களில தொடங்கிற ஆபத்தான புற்றுநோய்) குறைவு; ஆனா வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழ எண்டு வெயில் படாத இடங்களிலதான் கூட. ஆணிக்கால், சப்பாத்து அடிச்சுக் கண்டின நகம் எண்டு மாதக்கணக்கா விட்டிடுவினம். ஆக்களோட கதைக்கேக்க சன்கிரீமில தொடங்காதேங்கோ. "காலைத் திருப்பிப் பாத்தனீங்களோ?" எண்டு கேளுங்கோ.

வாடைக்காற்று:
காசு கட்டத் தேவையில்லை எண்டதே கனபேருக்குத் தெரியாது. 2008 ஜூலையில இருந்து, அரச காப்புறுதி உள்ள 35 வயசு தொடங்கி எல்லாருக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இலவசம். போனில "ஹவுட்கிரெப்ஸ் ஸ்கிரீனிங்" (தோல் புற்றுநோய்ப் பரிசோதனை) எண்டு தெளிவாச் சொல்லுங்கோ. தோல் டொக்டரிட்ட டெர்மின் (சந்திக்கிற நேரம்) கிடைக்க மாதக்கணக்காகும். குடும்ப டொக்டரும் செய்யலாம். ஆனா அதுக்கெண்டு 8 மணித்தியாலப் பயிற்சி முடிச்சவராயிருக்க வேணும், முன்னமே கேளுங்கோ. 35க்குக் கீழ எண்டாலும் சில காப்புறுதியள் குடுக்குது.

வட ஜேர்மனி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில 2003-04இல இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாச் செய்தபோது 3,60,000 பேருக்கு மேல வந்தவை. அதில நாலில மூண்டு பங்கு பொம்பிளையள். எங்கட ஆம்பிளையளையும் மனுசிமார்தான் இழுத்துக்கொண்டு வரவேணும்.

தாதி_எசன்:
உண்மையான தடை உடுப்புக் கழட்டுறது. முழுக்க ஒரேயடியாக் கழட்டச் சொன்னா, மேல்பாதி முடிய உடுத்திட்டுக் கீழ்பாதியைக் காட்டுறன் எண்டு சொல்லலாம். உள்ளுடுப்புப் பகுதியும் பாக்கிறதில அடக்கம், விருப்பமில்லாட்டி மறுக்கலாம். பெண் டொக்டர் வேணுமெண்டா டெர்மின் எடுக்கேக்கயே கேக்கவேணும். மொழிபெயர்க்க மகனைக் கூட்டிக்கொண்டு வந்தா அம்மா சட்டையைக் கழட்டவே மாட்டா. மகள் அல்லது சிநேகிதி வரட்டும்.

நகப்பூச்சு கை, கால் ரெண்டிலயும் அழிச்சிருக்க வேணும். மருதாணி இன்னும் மோசம்: உள்ளங்கையில ரெண்டு மூண்டு கிழமையில மங்கும், நகத்தில வளர்ந்து வெட்டுப்படும் வரைக்கும் நிக்கும். அதுக்குக் கீழ நகத்தில பழுப்புக் கோடு இருந்தாத் தெரியாது. கலியாண வீட்டுக்கு முன்னம் டெர்மினைப் போடுங்கோ. மெட்டியைக் கழட்டி, தலைக்கு எண்ணெய் வைக்காமல், பின்னாமல் வாங்கோ. உச்சந்தலையையும் வகிடு வகிடாப் பிரிச்சுப் பாப்பினம். எல்லாம் 10, 15 நிமிசம்தான்.

பனங்கூடல்:
நகக்கோடு பற்றி ஒண்டு. கனக்க நகங்களில மெல்லிய பழுப்புக் கோடு எங்களுக்குச் சாதாரணம், பயப்பிடாதேங்கோ. ஒரேயொரு நகத்தில புதுசா வந்து, 3 மில்லிமீற்றருக்கு மேல அகலிச்சு, நகத்தடித் தோலுக்கும் கறுப்பு ஏறினா ரெண்டு வருசக் கணக்குப் பாக்காமல் உடன போகவேணும்.

வாடைக்காற்று:
பரிசோதனைக்கு வந்த பிறகும் கொஞ்சப்பேர் நழுவுறவை. "கத்தி பட்டாப் பரவும்" எண்ட கதைதான் காரணம். சந்தேகமான இடத்தை விறைக்க ஊசி போட்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்புறதால புற்றுநோய் பரவாது. மெலனோமா எண்டாலும் தடிப்பு 1 மில்லிமீற்றருக்குள்ள நிண்டா, சுத்தி இன்னும் கொஞ்சத் தோலை எடுக்கிறதோட பெரும்பாலும் வைத்தியம் முடிஞ்சிடும்.