கிளைடரில் அடுத்த மேகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) செத்துவிடுகிறது. எங்கே கோளாறு?

புதுச்சிறகு:
கிராஸ் கன்ட்ரி (தொலைதூரப் பறப்பு) முகாமில் இருக்கிறேன். ஓட்டுவது ஏ.எஸ்.கே. 21, எஞ்சின் இல்லாத இரண்டு இருக்கைக் கிளைடர். ஓடுதளத்துக்கு மேலே தெர்மலைப் பிடித்து மேகத்தடி வரை ஏறுவதில் பிரச்சினை இல்லை. கிளம்பினால்தான் வம்பு. கண்ணில் படும் பெரிய மேகமாகப் பார்த்து 90 கி.மீ. வேகத்தில் நேராக விடுகிறேன். வழியெல்லாம் வேரியோ (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) கீழேயே நிற்கிறது. 1,400 மீட்டரில் கிளம்பினால் போய்ச் சேரும்போது 700. மேகத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. சறுக்கு விகிதம் 34 (1 மீட்டர் இறங்குவதற்குள் 34 மீட்டர் முன்னே போவது) என்றால் 10 கி.மீ.க்கு 300 மீட்டர்தானே செலவாக வேண்டும்?

நிழல்பார்வை:
அந்த 34 அசையாத காற்றுக்கான கணக்கு. 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர். காற்று நொடிக்கு 2 மீட்டர் இறங்கினால், விமானத்தின் சொந்த இறக்கத்தையும் சேர்த்து 2.7 ஆகிவிடும். விகிதம் 9-தான். தெர்மலைச் சுற்றி இறங்குகாற்று இருக்கத்தான் செய்யும். அதில் 90-இல் நிதானமாகப் போவது அங்கேயே குடியிருப்பது மாதிரி. இறக்கத்தில் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டுங்கள், ஏற்றத்தில் குறையுங்கள்.

மேகத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

புதுச்சிறகு:
பெரிதாக, பளிச்சென்று வெள்ளையாக இருப்பதை.

நிழல்பார்வை:
அதுதான் விஷயம். பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் உச்சத்தைத் தாண்டிய மேகம். 10 கி.மீ. போக 6 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கரைய ஆரம்பித்துவிடும். அடிப்பகுதி தட்டையாக, கருமையாக, விளிம்பு கூர்மையாக இருக்கிறதா பாருங்கள். பஞ்சு பிய்ந்தது போல் ஓரம் கிழிந்திருந்தால் விட்டுவிடலாம்.

தெர்மலில் சுற்றும்போதே அடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20 நொடி. ஒவ்வொரு சுற்றிலும் அதே மேகம் கண்ணில் படும். வளர்கிறதா தேய்கிறதா என்று சுற்றுக்குச் சுற்று ஒப்பிட்டால் போதும். மேகத்தடிக்குப் பக்கத்தில் போய்விட்டால் முன்னால் இருக்கும் மேகமெல்லாம் ஒரே கோடாகத் தெரியும். அப்போது தரையில் விழும் நிழல்களைப் பாருங்கள், இடைவெளி புரியும்.

வயல்தேடி:
நேர்கோட்டையும் மறந்துவிடுங்கள். மேகங்கள் வரிசையாக நின்றால் 20 டிகிரி விலகினாலும் அதன் கீழேயே போங்கள். கூடுதல் தூரம் கொஞ்சம்தான், மிச்சமாகும் உயரம் அதிகம்.

புதுச்சிறகு:
மெக்ரெடி (எதிர்பார்க்கும் ஏற்றத்தை வைத்து எவ்வளவு வேகமாகப் பறப்பது என்று சொல்லும் அமைப்பு) எவ்வளவு வைப்பது? போன தெர்மலில் வேரியோ நொடிக்கு 3 மீட்டர் காட்டியது, அதனால் 3 வைத்தேன்.

நிழல்பார்வை:
முள் எட்டிய உச்சம்தானே அந்த 3? மையம் தேடிய நேரத்தையும் சேர்த்து சராசரி பார்த்தால் பாதியாகக்கூட இருக்கும். அதுவும் அடுத்த தெர்மலில் எதிர்பார்ப்பதைத்தான் வைக்க வேண்டும், போனதை அல்ல. இப்போதைக்கு 1 போதும். கிளைடர் விமானி பால் மெக்ரெடியின் கணக்கு வேகத்துக்கானது. உங்களுக்கு இப்போது மேலே இருப்பதுதான் முக்கியம்.

வயல்தேடி:
இந்த 700 மீட்டர் விஷயத்துக்கு ஒன்று. அந்த உயரத்தில் கிடைக்கும் ஏற்றம் 1 ஆனாலும் விடாதீர்கள், கூடவே கீழே இறங்கத் தோதான வயல்களையும் பார்க்கத் தொடங்குங்கள். 450-க்குள் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். 300-க்குக் கீழே தெர்மல் தேடவே கூடாது, இறங்கும் வேலை மட்டும்தான். உங்கள் முகாமில் இதைவிட உயரமான வரம்பு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

புதுச்சிறகு:
சரி அண்ணா. நாளை ஆசிரியரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, மெக்ரெடி 1-இல் நிழல் பார்த்துப் போகிறேன். வெள்ளி பேட்ஜுக்கான (கிளைடர் ஓட்டிகளின் தகுதிச் சின்னம்) 50 கி.மீ. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.