வீகனாக இருந்து பிள்ளை சுமந்தவர்கள்: இன்னும் மனதைவிட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

மாடித்தோட்டம், கோவை

ஆறாம் மாதப் பரிசோதனை. "பால் எத்தனை வேளை குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் வீகன், கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய் எதுவும் எடுப்பதில்லை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான் என்றேன். அதுவரை என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியை என் கணவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "குழந்தை எலும்பு வலுவில்லாம பிறந்தா அப்புறம் என்கிட்ட வரக் கூடாது, சொல்லி வையுங்க." நான் அங்கேயேதான் படுத்திருந்தேன். வயிற்றில் தடவிய ஜெல்லைக்கூட இன்னும் துடைக்கவில்லை.

அந்த நாற்காலி திரும்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சீட்டில் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, அதற்குக் கீழே "பால் 2 வேளை" என்று எழுதி அடியில் இரண்டு கோடு. கேழ்வரகு, எள், கீரை, சுண்டல் என்று நான் என்னதான் சாப்பிடுகிறேன் என்ற கேள்வியே வரவில்லை. ரத்தத்தில் பி12 வைட்டமின் பார்க்கச் சொல்லவும் இல்லை. வீகனாக இருக்கிறவளுக்கு முதலில் பார்க்க வேண்டியதே அதுதானே? நானே லேபில் பணம் கட்டி எடுத்தேன். குறைவு. துணைக்கு வந்த மாமியார், "எனக்கும் எடுத்துப் பாரேன், காலெல்லாம் மதமதன்னு இருக்கு" என்றார். அவருக்கு என்னைவிடக் குறைவு. காலையில் காப்பி, மத்தியானம் மோர், ராத்திரி பால் என்று வாழ்கிறவர். இப்போது இருவரும் வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்து மாத்திரை போடுகிறோம்.

டாக்டரை மாற்றலாமா என்று கேட்க இதை எழுதவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா என்று தெரிந்தால் போதும்.


வைகைக்கரை, மதுரை

முதலில் டாக்டரை மாற்றுங்கள் தங்கச்சி. ஆளைப் பார்த்துப் பேசத் தெரியாதவரிடம் பிரசவத்துக்குப் போகக் கூடாது.

எனக்கு நடந்தது வளைகாப்பில். ஐந்து வகைச் சாதத்தில் தயிர் சாதம் வைக்காதே என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன், அம்மாவும் சரி என்றுவிட்டார். சித்திதான் விடவில்லை. கை நிறைய வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது குங்குமப்பூ போட்ட பாலை என் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார். "ஒரே ஒரு வாய்டி, சாங்கியத்துக்கு." வாயை மூடிக்கொண்டேன். கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

அப்பத்தா மூலையிலிருந்து எழுந்து வந்து அந்த டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். "நான் ஆறு பெத்தேன். எங்கூர்ல மழையே கெடையாது, மாட்டுக்கே புல்லு இல்ல. பாலைக் கண்ணுல பார்த்தது டீயிலதான். இவளை ஏன் போட்டு வதைக்கிறீங்க?" அவ்வளவுதான், சித்தி உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலமே தெருவில் வந்த பருத்திப்பாலை அப்பத்தா தூக்குச்சட்டியில் வாங்கி வைத்தார். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சியது. பிரசவம்வரை வாரத்துக்கு இரண்டு நாள் உளுந்தங்களி, அதுவும் நல்லெண்ணெய் ஊற்றி. பையன் மூன்று கிலோவுக்குக் குறையாமல் பிறந்தான்.

பி12 மாத்திரையெல்லாம் நான் போடவில்லை. பழைய சோறு தினமும் சாப்பிட்டேன், அதிலேயே இருக்கிறது.


இரவுப்பணி, குழந்தைகள் வார்டு செவிலியர்

வைகைக்கரை அக்கா, உங்கள் அப்பத்தா சொன்னதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் கடைசி வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பாப்பா. பத்து மாதம் இருக்கும். எட்டாம் மாதம் உட்கார்ந்தவள், இப்போது தலையே நிற்கவில்லை. முடி செம்பட்டையாக மெலிந்து, விரல் முட்டிகள் கறுத்து, கையும் தாடையும் நடுங்கிக்கொண்டிருந்தன. கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டினால்கூடத் திரும்பவில்லை. அம்மா வீகன் இல்லை. அந்தப் பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். கறி, முட்டை சாப்பிடாத குடும்பம், பால் வாங்க வசதி இல்லை, டீயில் விடுகிற பால்தான். பாப்பாவுக்குத் தாய்ப்பால் மட்டும். அம்மா உடம்பில் பி12 இல்லையென்றால் தாய்ப்பாலிலும் இருக்காது. கர்ப்பத்தில் பிள்ளை சேர்த்து வைக்க வேண்டிய இருப்பும் இருக்காது. அந்த அம்மா கர்ப்பமாக இருந்தபோது இரும்பு மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்தான். அதில் பி12 கிடையாது, ஃபோலிக் அமிலம்தான் உண்டு. ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்துவிடும், பி12 இல்லாததால் நரம்புக்கு வருகிற கேடு மட்டும் சத்தமில்லாமல் தொடரும்.

பி12 ஊசி போட ஆரம்பித்துச் சில நாள் கழித்து, ராத்திரி மணி மூன்று இருக்கும், அம்மா போர்வையை இழுத்தபோது வளையல் குலுங்கியது. பாப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா என்னைக் கூப்பிடக் குரல் வராமல் கட்டிலைத் தட்டினார்.

பி12-ஐச் செடி உண்டாக்குவதில்லை, நுண்ணுயிரிகள்தான் உண்டாக்குகின்றன. பழைய சோற்றில் நுண்ணுயிரி இருக்கிறதே என்றால், எல்லா நுண்ணுயிரியும் அதைச் செய்யாது. ஒரு கர்ப்பிணிக்குப் போதுமான அளவு தினமும் கிடைக்கிறது என்று நம்பி மாத்திரையை விட முடியாது. இட்லி மாவு, சுருள்பாசிக்கும் (ஸ்பைருலினா) இதே பதில்தான். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். உங்கள் பையன் நன்றாக இருப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.


வைகைக்கரை, மதுரை

படித்தேன். அந்தப் பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள் என்று சொல்லுங்கள். பழைய சோறு பற்றி இன்னொரு நாள் பேசலாம், நான் விடுவதாக இல்லை.


ஹாரோ அக்கா, லண்டன்

எனக்கு இங்கே மருத்துவிச்சியோடு ஒரு பிரச்சினையும் இல்லை. வீகன் என்று சொன்னதும் எழுதிக்கொண்டு, பி12, அயடின், இரும்பு பற்றிக் கேட்டா. இங்கே கர்ப்பிணிகளுக்கான அரசுத் திட்டத்தின் ஹெல்தி ஸ்டார்ட் குளிசையில் ஃபோலிக் அமிலம், வைட்டமின் சி, டி மூன்றும்தான் இருக்கு, பி12 தனியாக எடுக்க வேணும் என்றும் அவதான் சொன்னா.

எனக்கு மறக்க முடியாதது அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு வந்ததுதான். சரக்குத்தூள் பொட்டலத்தைப் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்தவ. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் ஊரில் வறுத்து இடித்தது. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த அடுத்த நாள் குசினியில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் அம்மா அடுப்புக்கு முன்னால் வெறும் சட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறா. "பால்சுறா மீன் போடாமல் உனக்குப் பால் எப்படியடி சுரக்கும்? உன்னைப் பெத்த நேரம் அம்மம்மா எனக்கு வேறொண்டும் தரேல்லை." அவ கோபப்படவில்லை. பயந்துபோய் நின்றா. அந்தப் பயத்தை நான் அதுவரை பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உள்ளி (பூண்டு) நிறையப் போட்டு, முருங்கைக்காயும் கத்தரிப்பிஞ்சும் சேர்த்து அதே சரக்குக் கறி வைத்தா. எனக்குப் போட்ட கோப்பையிலேயே தானும் குழைத்துச் சாப்பிட்டா. பால் குறையவில்லை. பிள்ளை அடிக்கடி குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும் என்று மருத்துவிச்சி சொன்னதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தபோது, "அது எனக்கும் தெரியும்" என்றா.


ஸ்டுட்கார்ட் அப்பா

என் கதை சின்னது. மனைவியின் முதல் சந்திப்பில் டாக்டரம்மா முட்டர்பாஸ் என்கிற தாய்மைக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "வீகன்" என்று கேட்டதும் பேனாவை மூடிவிட்டு, "இதை முதலில் பேசி முடிப்போம், அப்புறம் எழுதுகிறேன்" என்றார். முக்கால் மணி நேரம் பேசினார். அறையைவிட்டு வெளியே வந்ததும் மனைவி, "இதுவரை யாருமே என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை" என்றாள்.

இங்கே பலரும் "வீகன் கர்ப்பத்துக்கு உகந்தது என்று அமெரிக்காவிலேயே சொல்லிவிட்டார்கள்" என்று பகிர்வதைப் பார்க்கிறேன். அமெரிக்க ஊட்டச்சத்து மற்றும் உணவியல் அகாடமி அப்படிச் சொன்னது 2016-ல். நன்கு திட்டமிட்ட வீகன் உணவு கர்ப்பம், பாலூட்டுதல் உட்பட எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றது. 2025-ல் வந்த புது அறிக்கை கர்ப்பிணிகளையும் பாலூட்டுபவர்களையும் சேர்க்காமல், மற்ற பெரியவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஜெர்மனி ஊட்டச்சத்துச் சங்கம் 2016-ல் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. 2024-ல் அதைத் திருத்தி, ஆதரித்தோ எதிர்த்தோ தெளிவாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. ஆகவே கோவை டாக்டர் மிரட்டியதும் தவறு, "எல்லாம் நிரூபணமாகிவிட்டது" என்பதும் தவறு.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எங்கள் டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன். கர்ப்பத்தில் பி12 தேவை அமெரிக்கக் கணக்கில் நாளுக்கு 2.6 மைக்ரோகிராம்தான், ஆனால் ஒரு வேளையில் உடம்பு நன்றாக உறிஞ்சுவது 2 மைக்ரோகிராம் அளவுக்குத்தான். அதனால்தான் மாத்திரையில் அளவு பெரிதாக இருக்கிறது, அதைப் பார்த்துப் பயந்து பாதியாக உடைக்க வேண்டாம். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்போடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நல்லது, டீ, காப்பியைத் தள்ளி வையுங்கள். அயோடின் கர்ப்பத்தில் நாளுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் ஆட்கள் நிறையப் பேர் வீகனுக்கு மாறும்போதே இயற்கை என்று அயோடின் கலக்காத இந்துப்புக்கும் மாறிவிடுகிறார்கள். பாலும் மீனும் முட்டையும் இல்லாத தட்டில் அயோடின் வருகிற ஒரே வழி பெரும்பாலும் அயோடின் கலந்த உப்புதான், அதையும் அடைத்துவிடுகிறோம். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆளி விதையில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு, குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏவாக உடம்பில் மாறுவது மிகக் கொஞ்சம், அதற்கு நுண்பாசி எண்ணெய் இருக்கிறது. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுப்பது, மரப்பாசியிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. புரதமும் முக்கியம். இந்தியக் கணக்கில் கடைசி மூன்று மாதம் வழக்கத்தைவிட நாளுக்கு 22 கிராம் கூடுதலாக வேண்டும். சாம்பாரில் மிதக்கிற பருப்பு போதாது. கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா என்று கெட்டியாகச் சாப்பிட வேண்டும்.


மாடித்தோட்டம், கோவை

எல்லாருக்கும் நன்றி. ஸ்டுட்கார்ட் அண்ணா, அந்த முக்கால் மணி நேரத்தைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

செவிலியர் சகோதரி எழுதியதைக் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அடுத்த சந்திப்புக்கு அதே டாக்டரிடம்தான் போனோம், பிரசவ நேரத்தில் வீட்டுக்குப் பக்கம் அதுதான். பி12 அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, "பால் குடிக்க மாட்டேன். என்னென்ன பார்க்கணும், எவ்வளவு நாளைக்கு ஒரு தரம் பார்க்கணும், என்கிட்டயே சொல்லுங்க" என்றேன். அறிக்கையைக் கொஞ்ச நேரம் படித்தார். அப்புறம் எழுதிக் கொடுத்தார். "பால் 2 வேளை" இந்த முறையும் இருக்கிறது, அதற்கு மேலே பி12 இருக்கிறது.


காவிரிப்படுகை, திருச்சி

எனக்கு ஐந்தாம் மாதம். மாமியார், டாக்டர் எல்லாரும் நல்லபடிதான். மருந்துக்கடையில்தான் நின்றுவிட்டேன். டிஎச்ஏ மாத்திரை கேட்டேன், நுண்பாசி என்று போட்டிருக்கிறது, ஆனால் மேல் உறை ஜெலட்டின், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கடைக்காரர் பாவம், அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து எனக்காகப் படித்துப் பார்த்தார், பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "எல்லாம் இதேதாம்மா வருது, வேற வேணும்னா வரவழைச்சுத் தரேன்" என்று நம்பர் வாங்கிக்கொண்டார், இன்னும் கூப்பிடவில்லை. உறை ஜெலட்டின் இல்லாதது, அல்லது சொட்டு மருந்தாக வருவது, திருச்சியில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா?