மறு: குறுக்கெழுத்தில் 'இன்டிகேட்டர்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம். நாம் அமைக்கும் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் நேரடிப் பொருளும், எழுத்துகளைக் கொண்டு விடையை உருவாக்கும் வழியும் ஒளிந்திருக்கும். அந்த எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று காட்டும் பகுதிதான் 'இன்டிகேட்டர்'. அதற்கும், குறிப்பு வகைகளுக்கும் தமிழ்ப்பெயர் வைப்பது பற்றிய பேச்சு இது.

> 'குறிப்புச்சொல்' என்றே வைத்துவிடலாமே. எளிமை, எல்லோருக்கும் புரியும்.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் புதிரில் தரும் முழு வரியையும் ஏற்கெனவே 'குறிப்பு' என்றுதான் சொல்லி வருகிறோம். விடையை விளக்கும்போது 'இந்தக் குறிப்பில் குறிப்புச்சொல் எது?' என்று எழுத வேண்டிவரும். புதிதாக வருகிறவர் அங்கேயே குழம்பிவிடுவார்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'சொல்' என்ற பின்பாதியில் இருக்கிறது. நான் அமைத்த ஒன்றைப் பாருங்கள்:

மாற்றி விதைக, யாப்பில் விளைவது (3)

விடை: கவிதை. 'யாப்பில் விளைவது' நேரடிப் பொருள். 'விதைக' என்பதில் உள்ள மூன்று எழுத்தும் மூலப்பொருள். அவற்றை இடம்மாற்றச் சொல்வது 'மாற்றி'. இங்கே அது தனிச்சொல், தொல்லையில்லை. அடுத்தது:

வானத்தில் ஒன்று, ஏறிப்போக உதவும் (4)

விடை: வாகனம். தமிழ் எண்ணில் ஒன்று என்பது பார்வைக்கு 'க'தான். 'வானம்' என்பதன் நடுவே அதை நுழைத்தால் வாகனம். நுழைக்கச் சொன்னது எது? 'இல்' என்ற வேற்றுமை உருபு. அதற்கும் வானத்துக்கும் இடையில் 'அத்து'ச் சாரியை வேறு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் உரித்தெடுத்தால்தான் 'வானம்' கைக்குக் கிடைக்கும். ஆங்கிலத்தில் இந்த வேலையைத் தனிச்சொல் செய்கிறது. நம் மொழியில் பல நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும் உருபே செய்துவிடும். அதைக் 'குறிப்புச்சொல்' என்றோ, போன வாரம் ஒருவர் சொன்னபடி 'ஏவற்சொல்' என்றோ அழைத்தால் பாதிக் குறிப்புகளுக்குப் பொருந்தாது.

என் பரிந்துரை 'கைகாட்டி'. உருபாக இருந்தாலும் சரி, எச்சமாக இருந்தாலும் சரி, முழு வினையாக இருந்தாலும் சரி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுவதுதான் அதன் வேலை. ரயில் பாதையின் கைகாட்டியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 'சுட்டி' என்ற சொல்லும் வந்தது. அது இணைய இணைப்புக்கும் கணினி மவுசுக்கும் போய்விட்டது. இலக்கணத்தில் சுட்டெழுத்து வேறு இருக்கிறது. அதை விட்டுவிடலாம்.

> அனகிராமுக்குக் 'கலைசொல்' அழகாக இருக்கிறது.

அழகுதான். 'விதைக'வைக் 'கவிதை' ஆக்கியதுபோல் எழுத்துகளை இடம்மாற்றும் வகையே அனகிராம்; அப்படிக் கலைக்கும் சொல் 'கலைசொல்'. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, இலக்கணமும் சரி. ஆனால் ஒரு 'ச்' சேர்ந்தால் 'கலைச்சொல்' ஆகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் யாராவது நல்லெண்ணத்தோடு சேர்த்தே விடுவார். நான் 'எழுத்துக்கலைப்பு' பக்கம். கொஞ்சம் நீளம். ஆனாலும் 'எழுத்து' என்று முன்னால் வருவது முக்கியம். 'தை' என்பதை த், ஐ என்று பிரிக்காமல் ஓரெழுத்தாகவே நகர்த்துகிறோம், ஒரே கட்டத்தில் வைக்கிறோம். கலைப்பது எழுத்தை, ஒலியை அல்ல என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

இனி, துண்டுகளை இணைத்து விடை காணும் 'ஷராட்'. இதற்குப் புதுச்சொல் தேடுவதற்கு முன் தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலைத் திறந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தையும் சொல்லையும் வைத்து விளையாடும் சித்திரகவிகளில் 'வினாவுத்தரம்' என்று ஒன்று அதில் இருக்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்கு இன்னொரு பெயர்? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம்? திருவேகம்பம்! கடைசிக் கேள்வி நேரடிப் பொருள், முன்னவை நான்கும் துண்டுகள். இன்று நாம் அமைப்பதும் இதே கட்டுமானம்தான். முதன்முறை இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

சேரும் இடங்களையும் கவனியுங்கள். திருவுக்கும் ஏகுவுக்கும் நடுவில் வகர உடம்படுமெய் வருகிறது. ஏகு, அம்பு இரண்டும் தம் உகரத்தை இழக்கின்றன. ஆங்கிலப் புதிரில் துண்டுகள் வரிசையாக நிற்கும், அவ்வளவுதான். நமக்கு அது போதாது. அதனால் இரண்டு பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம். எழுத்து மாறாமல் கோ + புரம் = கோபுரம் என்று நின்றால் 'அடுக்கு'. சந்தி விதிப்படி எழுத்து தோன்றியோ கெட்டோ சேர்ந்தால் 'புணர்ப்பு'. விளக்கத்தில் 'புணர்ப்பு' என்று பார்த்தவுடன் எழுத்து ஏன் மாறியது என்ற சண்டை எழாது. 'வினாவுத்தரம்' என்பதையே எடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். நம் குறிப்புகள் கேள்வி வடிவில் வருவதில்லை என்பதால் மனமில்லாமல் விட்டேன்.

ஒரு வேண்டுகோள். வலமிருந்து இடமாகப் படிக்கும் குறிப்புக்கு 'மாலைமாற்று' என்று இருவர் எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். மாலைமாற்று என்பது இருபக்கமும் ஒன்றாகவே படிக்கக்கூடியது, விகடகவி மாதிரி. 'துரு'வைத் திருப்பினால் 'ருது' வரும்; அது வேறு சொல். அதற்குத் 'திருப்பு' போதும்.

எழுத்தை உதிர்க்கும் வகைக்குப் பழம்பெயர் 'அக்கரச்சுதகம்'. இன்று யார் வாயிலும் நுழையாது. 'எழுத்துநீக்கம்' என்று வைத்தால் யாருக்காவது மறுப்பு உண்டா? எடுத்துக்காட்டு ஒன்று:

தலை போகிற கவலை, அதில் சிக்கும் மீன் (2)

கவலை, தன் தலையெழுத்தான 'க' போனால் வலை. கைகாட்டி 'தலை போகிற'. 'அதில் சிக்கும் மீன்' என்பது நேரடிப் பொருளாகப் போதுமா, கொஞ்சம் தளர்வாக இருக்கிறதா என்று எனக்கே ஒரு தயக்கம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.