மாடுகள் ஒரே மூலையால் வேலியைத் தாண்டிப் போகின்றன, என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைத் தம்பி:
வணக்கம். அவிசாவளைப் பக்கம் மாமாவின் இரண்டு ஏக்கர் தென்னங்காணியில் ஏழு மாடுகள் நிற்கின்றன. சனி ஞாயிறில் கொழும்பிலிருந்து நான்தான் போய்ப் பார்க்கிறேன். நாலு வரி முள்ளுக்கம்பி, பழைய மரக்கட்டைகள். வடக்கு மூலையில் மட்டும் மாதம் இரண்டு தடவையாவது கம்பி தொய்ந்துவிடுகிறது, ஒரு நாகு முதலில் தலையை விட மற்றதெல்லாம் அதன் பின்னால் போய்விடும். போன கிழமை பக்கத்துக் காணிக்காரரின் வாழைக்கன்றுகளைத் தின்றுவிட்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கம்பியை இழுத்துக் கட்டி ஆணி அடித்துவிட்டு வருகிறேன், நிற்கவில்லை. சுற்றிவரக் கொங்கிரீட் தூண் போட இப்போது காசு இல்லை.

வன்னிக் கதியால்:
தம்பி, பிழை கம்பியில் இல்லை, மூலைக் கட்டையில். இரண்டு பக்கக் கம்பியின் இழுவையையும் அதுதான் தாங்குகிறது, அது கொஞ்சம் சாய்ந்தாலே நாலு வரியும் தொய்யும், நீங்கள் இழுக்க இழுக்க இன்னும் சாயும். அலவாங்கை வைத்து நெம்பிப் பாருங்கள், அடியைக் கறையான் தின்றிருக்கும். அந்த ஒன்றை மட்டும் கொங்கிரீட் தூணாக மாற்றி, மூன்றடி ஆழத்தில் இறுக்கி நட்டு, கம்பி போகிற இரண்டு பக்கமும் கம்பியின் நேருக்கே சரிவாக முட்டுக் கொடுங்கள்.

மற்ற இடங்களுக்குச் சீமைக்கிளுவைக் கதியால், அதாவது நட்டால் வேர்விட்டு உயிர்வேலியாக நிற்கும் தடி, போதும். மழை தொடங்கும்போது ஆறடிக் கதியாலாக வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, பட்டை உரியாமல் ஒன்றரை அடி தாழ நடுங்கள். நட்ட கையோடு கம்பியை அதில் அடிக்க வேண்டாம். மாடு உரசும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தால் வேர் பிடிக்காது. இரண்டு மூன்று மாதம் பழைய கட்டையே கம்பியைத் தாங்கட்டும்.

கொட்டில் அக்கா:
அண்ணா சொன்னது சரி, ஆனால் வேலிக்கு உள்ளே புல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தென்னை நிழலில் புல் மெதுவாகத்தான் வரும், ஏழு மாடும் முழுக் காணியிலும் எப்போதும் மேய்ந்தால் அது தலையெடுக்கவே முடியாது. காணியை நாலாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு என்று மாற்றி விடுங்கள். வெயில் படும் ஓரத்தில் சிஓ-3 நடுங்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கம்புப் பயிரையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கிய தீவனப் புல் அது, முதல் வெட்டுக்குப் பிறகு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு தடவை வெட்டலாம். சீமைக்கிளுவை இலையும் நல்ல தீன். பழகாத மாடு அந்த மணத்துக்கு முகத்தைத் திருப்பும், ஒரு நாள் வாடவிட்டுப் புல்லோடு கலந்து கொடுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள். வேலி திருத்திய இடத்தில் வெட்டிய கம்பித் துண்டு, ஆணி ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. மாடு புல்லோடு சேர்த்து விழுங்கிவிடும், அது வயிற்றின் இரண்டாவது அறையில் தங்கி, அங்கிருந்து இருதயத்தைக் குத்தும். எங்கள் சிவப்பி அப்படித்தான் போனாள், தீன் எடுக்காமல் முழங்கையை அகட்டிக்கொண்டு நின்ற அந்த நாட்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் புல்லுக்குள் இழுத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி:
ஞாயிறு போய் நெம்பினேன், கட்டை கையோடு வந்துவிட்டது. காந்தத்தில் ஒன்பது துண்டு ஒட்டியது, எல்லாம் நான் வெட்டிப் போட்டவை. மன்னியுங்கள் அக்கா, நீங்கள் சொல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. காணியை நாலாகப் பிரிக்கவும் முள்ளுக்கம்பிதான் வேண்டுமா?

வன்னிக் கதியால்:
வேண்டாம். ஒற்றைச் சாதாரணக் கம்பியை இரண்டரை அடி உயரத்தில் கட்டி, மின்வேலிக்கென்றே விற்கும் கருவியைப் பூட்டுங்கள். அது விட்டுவிட்டு ஒரு கணம்தான் அடிக்கும், மாடு பயப்படும், சாகாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுக்க வேண்டாம், மாடும் சாகும், ஆளும் சாகும். முள்ளுக்கம்பிக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது, சிக்கினால் விடுபட முடியாது. கம்பிக்குக் கீழே புல்லை வெட்டிக்கொண்டே இருங்கள், புல் முட்டினால் அடி பலமிழந்துவிடும்.